பங்குனியில் கொடைக்கானல்

கொடைக்கானலுக்கு மே மாதம்தான் தோது என்று நம்மிடையே ஓர் எண்ணம் ஊறிவிட்டது. பள்ளிக்கூடம் லீவு விட வேண்டும், அக்னி நட்சத்திரம் தொடங்க வேண்டும், மலர்க் கண்காட்சிக்குத் தேதி அறிவிக்க வேண்டும், அப்புறம்தான் மலை நினைவுக்கு வரும். நான் பங்குனியில் போகிறவன். உறைபனி விலகி, கோடை மழை பிடிப்பதற்கு முந்தைய சில வாரங்கள் அவை. அந்த நாட்களில் கொடைக்கானலின் வானிலை நம் கண்ணெதிரே உருவாகிறது. காலையில் ஒரு பருவம், நண்பகலில் இன்னொன்று, மாலைக்குள் மூன்றாவது. மலையில் இதைவிடப் பார்க்கத் தகுந்த காட்சி வேறில்லை என்பது என் தீர்மானமான எண்ணம்.

வத்தலக்குண்டில் பேருந்து ஏறும்போது காலை ஒன்பது மணிக்கே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். காட்ரோட்டில் திரும்பி மலையேறத் தொடங்கியதும் முதலில் புளியும் மாவும், பிறகு வாழையும் ஆரஞ்சும், அதற்கு மேலே சில்வர் ஓக் நிழலில் காப்பிச் செடிகளும் வரும். 1916இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட பாதை இது. அதற்கு முன்னால் மலைக்குப் போகிறவர்கள் பெரியகுளம் பக்கமிருந்து குதிரையிலும் டோலியிலும் கால்நடையாகவும் ஏறினார்கள். டம் டம் பாறையில் வண்டி நின்றால் எதிரே தலையாறு அருவி தெரியும். 297 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தண்ணீர் பங்குனியில் ஒரு வெள்ளை நூலாக மெலிந்து, பாதி வழியில் காற்றில் கலைந்துபோகிறது. ஐப்பசியில் இதே அருவியைப் பார்த்தவர்களுக்கு மலையின் வறட்சி அந்த ஒரு பார்வையிலேயே புரிந்துவிடும்.

பெருமாள் மலை வந்ததும் ஜன்னலோரத்தில் இருப்பவர்கள் கண்ணாடியை இழுத்து மூடுவார்கள். கீழே வியர்வையில் நனைந்து கிளம்பியவர்கள் இருபது டிகிரிக்குள் வந்து இறங்குகிறோம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு ஆறரை டிகிரி குறையும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. அந்தக் கணக்கைத் தோலால் படிக்க இந்த மூன்று மணி நேரப் பேருந்துப் பயணம் போதும்.

மார்கழி, தை மாதங்களில் ஜிம்கானா மைதானத்திலும் பாம்பார்புரத்திலும் ஏரிச்சாலை ஓரத்திலும் புல் வெள்ளையாக உறைந்து கிடக்கும். குளிர்ந்த காற்று கனமானது. இரவில் சரிவு வழியே வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் மேட்டுத் தெருவில் இல்லாத உறைபனி ஏரிக்கரையில் இருக்கும். பங்குனியில் அது போய்விடுகிறது. ஆனாலும் விடியலில் பத்துப் பன்னிரண்டு டிகிரிதான். வாயைத் திறந்தால் ஆவி வரும். வானம் மட்டும் ஒரு பொட்டு மேகமில்லாமல், கண்ணைக் கூசச் செய்யும் நீலத்தில் இருக்கும். ஜாகரண்டா மரங்கள் இலையை உதிர்த்துவிட்டு ஊதாப் பூவாக நிற்கும். சோலை ஓரங்களில் காட்டுப் பூவரசின் கடைசிச் சிவப்புப் பூக்கள் இன்னும் மிச்சமிருக்கும். பேரி மரங்கள் வெள்ளைப் பூவை உதிர்த்துப் பிஞ்சு பிடித்திருக்கும்.

ஏரிச்சாலைத் தேநீர்க் கடையில் அடுப்போரம் ஒதுங்காமல் வெயிலில் போய் நின்றேன். கடைக்கார அக்கா அங்கிருந்தே குரல் கொடுத்தார்: "தலைக்குத் துண்டு போட்டுக்கங்க தம்பி. குளுருதேன்னு எல்லாரும் வெயில்லதான் நிப்பாங்க. ராத்திரி பாத்தா மூக்குத்தோலு உரிஞ்சிருக்கும்."

அவர் சொன்னதற்குக் காரணம் வானத்தில் இருக்கிறது. கொடைக்கானல் ஏறக்குறைய பத்தேகால் டிகிரி வட அட்சரேகையில் உள்ள ஊர். வடக்கு நோக்கி நகரும் சூரியன் ஏப்ரல் மத்தியில், சித்திரை பிறக்கிற சமயத்தில், இந்த ஊரின் உச்சிக்கு நேராக வருகிறது. அந்த நாட்களில் நண்பகலில் கொடிக்கம்பத்துக்கு நிழல் இருக்காது. மேலும் இரண்டாயிரத்து நூறு மீட்டர் உயரத்தில் நமக்கு மேலே இருக்கும் காற்று, கடற்கரையில் இருப்பவர்களுக்கு உள்ளதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். ஈரமும் தூசியும் குறைந்த அந்தக் காற்று வெயிலை வடிகட்டுவதில்லை. காற்று குளிர்கிறது, கதிர் சுடுகிறது. நிழலுக்கும் வெயிலுக்கும் நடுவே ஓரடி தூரம்தான், ஆனால் இரண்டும் இரண்டு மாதங்கள்.

இந்தத் தெளிந்த காலை வானத்தை நம்பித்தான் இங்கே ஒரு பெரிய சூரிய ஆய்வகமே வந்தது. 1876இல் தொடங்கிச் சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு, மழை ஏன் பொய்க்கிறது என்ற கேள்வி அரசாங்கத்தை உலுக்கியது. சூரியனின் முகத்தில் தோன்றி மறையும் கரும்புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் தொடர்பு இருக்கலாம் என்று அப்போது பலர் நம்பினார்கள். சூரியனை விடாமல் கவனிக்க ஓர் உயரமான, தெளிந்த இடம் தேவைப்பட்டது. சென்னை வானாய்வகத்தின் மிச்சி ஸ்மித் பழனி மலையிலும் நீலகிரியிலும் வானத்தைச் சோதித்துக் கொடைக்கானலைத் தேர்ந்தார். 1895இல் அடிக்கல், 1899இல் சென்னையிலிருந்து இடமாற்றம். 1904 முதல் சூரியனை நாள்தோறும் படம்பிடித்து வைக்கும் வேலை தொடர்ந்து நடக்கிறது. 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் என்ற வானியலாளர், கரும்புள்ளியின் விளிம்பில் வாயு வெளிநோக்கி ஓடுவதை இங்கிருந்துதான் கண்டுபிடித்தார். உலகெங்கும் அந்த நிகழ்வுக்கு அவர் பெயர்தான்.

ஆய்வகத்தின் அருங்காட்சியகத்தில் கண்ணாடிகள் வழியாக உள்ளே கொண்டுவரப்பட்ட சூரியனின் பிம்பம் ஓர் இருட்டறையில் விழுகிறது. காலையில் சீக்கிரம் போனால் அதன் விளிம்பு ஓரளவு அசையாமல் நிற்கும். கரும்புள்ளி இருந்தால் பென்சில் முனையால் தொட்ட மாதிரி தெரியும். பத்து மணிக்கு மேல் அதே விளிம்பு கொதிக்கத் தொடங்கும். சூரியன் மாறிவிடவில்லை. தரை சூடாகி, நமக்கு மேலே உள்ள காற்று கலங்குகிறது. அதனால் இங்கே முக்கியமான பதிவுகளை விடிந்த சில மணி நேரத்துக்குள் முடித்துவிடப் பார்க்கிறார்கள். பஞ்சத்தில் செத்த லட்சக்கணக்கானவர்களின் பெயரால் தொடங்கிய தேடல் இது. கரும்புள்ளியிலிருந்து மழையைக் கணித்துவிட முடியவில்லை. ஆனால் நூறாண்டுக்கு மேலான சூரியனின் வரலாறு இந்த மலையில் சேர்ந்திருக்கிறது. எனக்கு அந்த இருட்டறை ஒரு கோயில் மாதிரிதான் பட்டது.

தரை சூடானதும் காட்சி கோக்கர்ஸ் வாக்குக்கு மாறுகிறது. 1872இல் லெப்டினன்ட் கோக்கர் மலை விளிம்பில் வெட்டிய நடைபாதை. கீழே பெரியகுளம் பக்கத்து வயல்களும் கண்மாய்களும், தூரத்தில் வைகை அணையின் பளபளப்பும். ஒன்பது மணிக்கு எல்லாம் தெளிவாக இருக்கிறது. பதினொன்றை நெருங்கும்போது பள்ளத்தாக்கின் நடுவில், ஒன்றுமே இல்லாத இடத்தில், ஒரு சிறு வெண்மை தோன்றும். அது எங்கிருந்தும் மிதந்து வரவில்லை. நின்று கவனியுங்கள், அந்த இடத்திலேயே பிறக்கிறது.

நடப்பது இதுதான். வெயிலில் காய்ந்த பாறைச் சரிவு தன்னை ஒட்டிய காற்றைச் சூடாக்குகிறது. அந்தக் காற்று சரிவைப் பிடித்து மேலேறுகிறது. ஏற ஏற, நூறு மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி வீதம் குளிர்கிறது. கீழேயிருந்து அது சுமந்துவரும் ஈரம் ஒரு கட்டத்தில் தாங்க முடியாமல் துளியாகிறது. பங்குனி வெயிலில், கடல் ஈரம் ஓரளவு உள்ளே வந்திருக்கும் நாட்களில், அந்தக் கட்டம் ஏறக்குறைய இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில் அமைகிறது. கொடைக்கானலின் விளிம்பும் அதே உயரம்தான். மேகத்தின் அடித்தளமும் மனிதர் நடக்கும் பாதையும் ஒரே மட்டத்தில் சந்திக்கும் ஊர் இது. காற்றில் ஈரம் குறைந்த நாளில் மேகம் நமக்கு மேலே தங்கிவிடும். கூடிய நாளில் காலடிக்குக் கீழேயே கட்டி, பிறகு கம்பித் தடுப்பைத் தாண்டி உள்ளே வரும்.

அப்படி உள்ளே வந்த ஒரு பிற்பகலில், மேற்கே சாயத் தொடங்கிய வெயில் முதுகில் விழ, எதிரே பள்ளத்தாக்கு முழுவதும் மேகம் நின்றது. அதன்மேல் என் நிழல் நீண்டு விழுந்தது. தலையைச் சுற்றி வட்டமாக ஒரு வானவில். பக்கத்தில் நின்ற குடும்பத்தில் ஒரு சிறுமி தன் நிழலுக்குத்தான் வளையம் இருக்கிறது, அப்பாவுக்கு இல்லை என்று குதித்தாள். அப்பாவோ தனக்குத்தான் இருக்கிறது என்றார். இருவர் சொன்னதும் உண்மை. துளிகள் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்புவதால் அவரவர் வளையம் அவரவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். மேகம் சற்று விலகியதும் எல்லாம் மறைந்தது. கோக்கர்ஸ் வாக்குக்கு வந்து செல்ஃபி எடுத்துக்கொண்டு உடனே திரும்புகிறவர்கள் சூரியன் முதுகுப் பக்கம் வரும் வரை கொஞ்சம் பொறுக்கலாம்.

மூன்று மணிக்கு மேல் மழைக்கான சூழல். மாசி வரை காற்று வறண்டு, மேகம் கட்டினாலும் சிறுத்துக் கலைந்துவிடும். பங்குனி முடியும் தறுவாயில் வங்கக் கடல் பக்கமிருந்தும் அரபிக் கடல் பக்கமிருந்தும் வரும் ஈரக் காற்றுகள் தீபகற்பத்தின் உள்பகுதியில் சந்திக்கத் தொடங்குகின்றன. மலைச்சரிவு அந்த ஈரத்தை மேலே தள்ளிக் கொடுக்கிறது. பெருமாள் மலைக்குப் பின்னால் மேகம் கோபுரமாக எழுவதை ஏரியிலிருந்தே பார்க்கலாம். அடிப்பக்கம் கறுத்துவிட்டதென்றால் குதிரைக்காரர்கள் குதிரைகளை ஓட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். வானிலை அறிக்கையைவிட நான் அவர்களைத்தான் பார்ப்பேன்.

நான் ஊர் திரும்புவதற்கு முந்தைய நாள் மாலை முதலில் விழுந்தது ஆலங்கட்டி. தகரக் கூரையில் சத்தம் அப்படி ஒரு சத்தம், பக்கத்தில் நின்றவர் பேசியது காதில் விழவில்லை. கையில் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். சுண்டைக்காய் அளவு. நடுவில் பால் வெள்ளை, அதைச் சுற்றிக் கண்ணாடியாக ஒரு வளையம், மறுபடி வெள்ளை. மேகத்துக்குள் ஈரம் கூடியும் குறைந்தும் இருக்கும் பகுதிகளைக் கடந்தபோது போர்த்திக்கொண்ட பனிக்கட்டி அடுக்குகள் அவை. இதே மேகம் வத்தலக்குண்டுக்கு மேலே நின்றிருந்தால் இந்தக் கட்டிகள் இரண்டு கிலோமீட்டர் கூடுதலாக வெந்த காற்றில் இறங்கி வழியிலேயே தண்ணீராகியிருக்கும். மலை உயரத்தில் நிற்பதால் உருகுமுன் நம்மை அடைகின்றன. பார்க்க அழகுதான். ஆனால் பேரிப் பிஞ்சிலும் பிளம்ஸ் பிஞ்சிலும் ஒவ்வொரு கல்லும் ஒரு தழும்பு வைக்கிறது. தழும்பு விழுந்த காயை மொத்த வியாபாரி தள்ளிவைத்துவிடுவார்.

மழை எல்லோருக்கும் ஒன்றாக வேண்டியிருப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பூம்பாறையிலிருந்து பூண்டு கொண்டுவந்திருந்த பெரியவர், மழை என்ற சொல்லைக் கேட்டதும் சாக்கை இழுத்து மூடினார். கொடைக்கானல் மலைப்பூண்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. அறுத்த பூண்டு நன்றாகக் காய வேண்டும், இல்லாவிட்டால் அதற்குப் பேர் வாங்கித் தந்த நீண்ட ஆயுள் போய்விடும். "இன்னும் ஒரு வாரம் வானம் காயணும் தம்பி, அப்பறம் எவ்வளவு வேணா பெய்யட்டும்" என்றார்.

அதே மழைக்காகக் கீழ்மலையில் ஏங்கிக்கொண்டிருந்தார்கள். பெருமாள் மலையில் பிரிந்து பண்ணைக்காடு வழியாகத் தாண்டிக்குடி போனால் ஆயிரத்துச் சொச்சம் மீட்டரில் காப்பித் தோட்டங்கள். காப்பிச் செடியின் மொட்டுகள் தை மாசி வறட்சியில் பச்சை ஊசிகளாக நின்றபடி உறங்குகின்றன. அந்த வறட்சி அவற்றுக்குத் தேவை. பிறகு ஒரு நல்ல மழை அவற்றை எழுப்ப வேண்டும். மழை விழுந்த எட்டுப் பத்து நாளில் தோட்டம் முழுவதும் ஒரே விடியலில் பூக்கும். நான் போனது அப்படியொரு விடியலுக்கு அடுத்த நாள். கிளையின் ஒவ்வொரு கணுவிலும் வெள்ளைக் கொத்து, இலை தெரியாமல். மல்லிகையை ஒத்த மணம், ஆனால் அதைவிட லேசாக, ஈர மண்ணோடு கலந்து. வளைவு திரும்புவதற்கு முன்பே மணம் வந்துவிடுகிறது. தேனீக்களின் இரைச்சலில் தோட்டமே அதிர்ந்தது. மூன்று நான்கு நாளில் எல்லாம் பழுப்பேறி உதிர்ந்துவிடும்.

தோட்டக்காரர் ஒரு கிளையைத் தாழ்த்திக் காட்டினார். அதில் சில மொட்டுகள் விரியாமல், நட்சத்திரம்போல் கூம்பி, லேசான இளஞ்சிவப்பில் நின்றன. "இந்தப் பக்கச் சரிவுல மழ பத்தல சார். சும்மா தூத்திட்டுப் போயிருச்சு. ஒரு இஞ்சாவது எறங்கணும். அரகொற மழைக்கு மொட்டு ஏமாந்துரும், விரியவும் விரியாது, திரும்பத் தூங்கவும் தூங்காது." மழை பெய்த மேட்டுக்கும் பெய்யாத சரிவுக்கும் நடுவே ஒரு ஓடைதான் இருந்தது. கோடை மழையின் இயல்பு அது. ஒரு மேகம், ஒரு குன்று, ஒரு மணி நேரம். ஐப்பசி அடைமழை போல ஊரெல்லாம் பொதுவாகப் பெய்வதில்லை. ஒரு வருட வருமானம் அந்த ஒரு மணி நேரத்தைப் பொறுத்து நிற்கிறது. அடுத்த மூன்று நான்கு வாரத்துக்குள் இன்னொரு மழை வந்தால்தான் பிடித்த பிஞ்சு தங்கும் என்றார். பூ வந்த சந்தோஷம் அவர் முகத்தில் இருந்தது. ஆனால் பேசி முடிக்கும்வரை அவர் பார்வை மேற்கு வானத்தை விட்டு வரவில்லை.

மழை தாமதிக்கும் ஆண்டுகளில் பங்குனி பயங்கரமானது. காய்ந்த புல்லும் தரையில் குவிந்த சருகும் ஒரு தீக்குச்சிக்குக் காத்திருக்கும். இரவில் எதிர்மலையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோடு வளைந்து நகர்வதைப் பார்த்திருக்கிறேன். வனத்துறைப் பணியாளர்கள் பச்சைத் தழையை வெட்டி அடித்தே அதை அணைக்க முயல்கிறார்கள், செங்குத்தான சரிவில் தண்ணீர் கொண்டுபோக வழியில்லை. தண்ணீரும் தீவனமும் தேடிக் காட்டு மாடுகள் ஊருக்குள் இறங்கி, கடைவீதி நடுவில் நிற்கும்.

இதில் எனக்கு உறுதியான ஒரு கருத்து உண்டு. பழனி மலையின் உச்சிகள் ஒரு காலத்தில் பரந்த புல்வெளிகள், அவற்றின் மடிப்புகளில் மட்டும் சோலைக்காடுகள். அந்தப் புல்வெளிகளில் பெரும்பகுதியில் சீகை, யூக்கலிப்டஸ், பைன் என்று வெளிநாட்டு மரங்களை நட்டோம். பச்சையாகத் தெரிகிறதே என்று பயணிகள் மகிழ்கிறார்கள். பாம்பார் சோலைக்குள் நடந்துவிட்டுப் பைன் காட்டுக்குள் போய்ப் பாருங்கள். பைன் காட்டில் காலடியில் காய்ந்த ஊசிகள் நொறுங்கும். சோலையில், மாதக்கணக்கில் மழையில்லாத பங்குனியிலும், தரை நனைந்த கோணிச்சாக்காகக் காலடியில் அமுங்கும். மரங்களின் மேல் பாசியும், பாசியின் மேல் பெரணியும். மேகம் உள்ளே புகும்போது இலைகளும் பாசியும் அதிலிருந்து நீரை வடித்தெடுக்கின்றன. வெளியே மழை இல்லாத நேரத்தில் உள்ளே சொட்டிக்கொண்டிருக்கும். இந்தச் சோலைகளைக் காப்பதும், அந்நிய மரங்களைப் பொறுமையாக அகற்றிப் புல்வெளியை மீட்பதும்தான் கொடைக்கானலுக்குச் செய்ய வேண்டிய முதல் காரியம். மற்ற அழகுபடுத்தல்கள் எல்லாம் பிறகு.

மே மாதக் கூட்டத்தைக் கட்டுப்படுத்தச் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்தது. மலை தாங்கக்கூடியதற்கு ஒரு கணக்கு வேண்டும் என்ற எண்ணமாவது பிறந்ததே என்று அதை வரவேற்கிறேன். கொடைக்கானலின் குடிநீர் மனோரஞ்சிதம் போன்ற சிறு நீர்த்தேக்கங்களிலிருந்து வருகிறது. அவை மிகவும் வற்றியிருக்கும் மாதங்களில்தான் நாம் எல்லோரும் சேர்ந்து போய் அறை எடுத்துத் தங்குகிறோம்.

திரும்பும்போது காட்ரோட்டில் இறங்கிப் பெரியகுளம் பேருந்தைப் பிடித்தேன். கும்பக்கரை அருவியில் குளித்துவிட்டு ஊர் போகலாம் என்று திட்டம். பாம்பார் சோலையில் பிறக்கும் ஆறு மலையை விட்டுத் தரையில் கால் வைக்கும் இடம் அது. கீழே அனல் வெயில், வானத்தில் மேகமே இல்லை. அருவி வாசலில் கயிறு கட்டியிருந்தார்கள். வேனில் வந்திருந்த குடும்பங்கள் துண்டும் எண்ணெயுமாக நின்று வனக்காவலரிடம் வாதாடிக்கொண்டிருந்தன. ஒரு பாட்டி கேட்டார்: "ஒரு சொட்டு மழை இல்லாத நாள்ல வெள்ளம்னு சொல்றியேய்யா, இது நியாயமா?"

"இங்க இல்ல ஆத்தா, மேல பெஞ்சிருக்கு. வட்டக்கானல்ல நேத்து சாயந்தரம் ஆலங்கட்டியோட ஊத்தியிருக்கு. அந்தத் தண்ணிதான் இப்ப வருது, பாருங்க கலங்கலா."

பாறைகளுக்கு நடுவே செம்பழுப்பாக, முழங்கால் உயரத்துக்குச் சுழித்துக்கொண்டு தண்ணீர் வந்தது. அந்த ஆலங்கட்டியை நேற்று கையில் வைத்துப் பார்த்தேன் பாட்டி என்றேன். அவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பேரனைக் கூப்பிட்டுக் கட்டுச்சோற்றுப் பையை மரத்தடிக்கு எடுத்துவரச் சொன்னார்.

"நாளைக்குக் காலைல வாங்க, தெளிஞ்சிரும், தொறந்துருவோம்" என்றார் காவலர். "இந்த ஒரு மழைக்கே பத்து நாளைக்குத் தண்ணி ஓடும்."